செட்லர், ஸ்குவாட்டர், ஆக்குபையர்: டர்பன் மண்ணில் யாருக்கு என்ன பெயர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சியில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘நிலப் படையெடுப்புக் கட்டுப்பாட்டுப் பிரிவு’. கேப் டவுன் நகராட்சியிலும் இதே வேலைக்கு ‘நிலப் படையெடுப்பு எதிர்ப்புப் பிரிவு’ உண்டு. காலி மனையில் நாலு கம்பு நட்டு, பழைய தகரத்தை மேலே போட்டு, கதவுக்குப் பதில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டவரைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். குடிசை எழும்பி, அவர் உள்ளே குடி வந்துவிட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்பது நகராட்சிகளின் வாதம். அவரைப் ‘படையெடுத்தவர்’ என்று எழுதுவதா, ‘குடியிருப்பவர்’ (ஆக்குபையர்) என்று எழுதுவதா என்பதைப் பொறுத்துத்தான் அன்றிரவு அந்தக் குடும்பம் எங்கே படுக்கும் என்பது முடிவாகிறது.

கேப் டவுனில் இந்த வாதம் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவர் நிலத்துக்குள் நுழையும் அந்த நேரத்திலேயே உரிமையாளர் தடுக்கலாம், கூரை ஏறிய பிறகு தானாகக் கை வைக்கக்கூடாது, நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்பதுதான் 2024-இல் வந்த தீர்ப்பின் சாரம்.

தென்னாப்பிரிக்காவில் நிலத்தைப் பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் வரும் மனிதர்களுக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். இந்த நாட்டுத் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 160 ஆண்டுகளில் நம்மவர்கள் சுமக்காத பெயர் குறைவு: கூலி, இமிக்ரன்ட், செட்லர், ஊடுருவியவர், தகுதியற்றவர். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சட்டம் இருந்தது, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமும் இருந்தது.

செட்லரிலிருந்து, அதாவது ‘குடியேறியவர்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். 1657-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கேப் பகுதியில் தன் ஊழியர்கள் ஒன்பது பேரை வேலையிலிருந்து விடுவித்து லீஸ்பீக் ஆற்றோரம் நிலம் கொடுத்தது. அவர்களுக்கு வைத்த பெயர் சுதந்திரக் குடிமக்கள். அங்கே ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த கொய்கொய் மக்களோடு இரண்டே ஆண்டில் சண்டை மூண்டது. 1820-இல் பிரிட்டன் ஏறத்தாழ 4,000 பேரைக் கப்பலேற்றி, கோசா மக்களின் எல்லையை ஒட்டிக் கொண்டுவந்து இறக்கியது. இவர்கள்தான் ‘1820 செட்லர்கள்’. விவசாயம் செய்ய அழைத்து வந்ததாகச் சொன்னாலும், எல்லைக்கு உயிருள்ள வேலியாக நிற்பதற்கே அவர்கள் தேவைப்பட்டார்கள். பின்னாளில் கிரகாம்ஸ்டவுன் குன்றின் மேல் அவர்களுக்கு ஒரு பெரிய நினைவகமும் எழும்பியது. செட்லர் என்ற பெயரோடு பட்டாவும் வந்தது, மரியாதையும் வந்தது. டர்பன் இருக்கும் நேட்டாலில் 1849-லிருந்து வந்த வெள்ளைக்காரர்களுக்கும் அப்படித்தான்.

சரி, 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கிய 342 பேருக்கு என்ன பெயர்? சட்டத்தின் தாளில் ‘கூலி இமிக்ரன்ட்’. நம்முடைய சொந்தச் சொல் ஒரு மனிதனின் முழு அடையாளமாக ஆகி, சுலு மொழிக்குள்ளும் ‘அமகுலா’ என்ற இழிசொல்லாகப் போய்ச் சேர்ந்தது. 1911-க்குள் இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள், அதாவது தமிழர்களும் தெலுங்கர்களும். ஐந்து ஆண்டு கிர்மிட் (கூலி ஒப்பந்தம்), பிறகு இன்னும் ஐந்து ஆண்டு. பத்து ஆண்டு முடித்தவருக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல்.

இதில் பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. 1870-ஆம் ஆண்டு நேட்டால் சட்டத்தில், திரும்பிப் போக விரும்பாதவர் அந்தக் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக அரசு நிலத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற பிரிவு இருந்தது. அதாவது, சட்டப்படி அவர்களும் செட்லர் ஆகியிருக்கலாம். நிலம் உண்மையில் கைக்கு வந்தது மிகச் சிலருக்கே. பின்னாளில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 1895-இல் வந்தது மூன்று பவுன் வரி: ஒப்பந்தம் முடிந்தவர் மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டும், இங்கேயே இருந்தால் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். வந்து உழைக்கலாம், தங்கக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 1913 வேலைநிறுத்தமும், சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்த கோரிக்கைகளில் ஒன்று, இங்கே தங்குவதற்கு வரி கேட்காதே என்பது.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலில் நிலைமை இன்னும் மோசம். 1885-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் ஆசியர்களுக்குக் குடியுரிமையே இல்லை என்றது. அரசு காட்டும் தெருக்களிலும் ‘லொகேஷன்’ என்ற ஒதுக்கிடங்களிலும் தவிர வேறெங்கும் அசையாச் சொத்து வாங்கக்கூடாது என்றது. இதற்காகச் சொல்லப்பட்ட காரணம் சுகாதாரம்.

இந்தப் பின்னணியில்தான் 1933-இல் நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க இந்தியர்களை வேறு ஏதாவது நாட்டில் கொண்டுபோய்க் குடியேற்ற முடியுமா என்று ஆராய அரசு ஒரு குழு போட்டது. இங்கிருந்த தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸின் தலைமை அதற்கு ஒத்துழைக்க முன்வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கொதித்துப் போனார்கள், தனிச் சங்கம் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரில் ‘காலனியில் பிறந்தவர்கள்’ என்பதோடு ‘செட்லர்கள்’ என்ற சொல்லும் இருந்தது. வெள்ளைக்காரர் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்ட சொல்லை வேண்டுமென்றே எடுத்துத் தங்கள் பெயர்ப்பலகையில் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் வந்து போகிறவர்கள் அல்ல, இருக்கப் போகிறவர்கள் என்பதற்கு அன்றைக்குக் கையில் கிடைத்த மிக வலுவான சொல் அதுதான். இந்தியர்களை இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஒப்புக்கொண்டதோ 1961-இல்தான். கப்பல் வந்து நூறு ஆண்டு கழித்து!

இன்றைக்கும் நவம்பர் 16 விழாக்களில் ‘1860 செட்லர்ஸ்’ என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அந்தப் பெருமை எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் கேட்கும் சுலு நண்பருக்கு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கும். 1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும் பான் ஆப்பிரிக்கன் காங்கிரஸ் தரப்பிலிருந்து எழுந்த ‘ஒரு செட்லருக்கு ஒரு தோட்டா’ என்ற முழக்கத்தை மறந்தவர்கள் இங்கே யாருமில்லை. அதற்குள் செட்லர் என்றால் நிலத்தைப் பறித்தவன் என்று பொருள் மாறியிருந்தது. அதில் இந்தியரும் சேர்த்தியா என்ற கேள்வி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தக் கட்சியைத் தொடங்கிய ராபர்ட் சொபுக்வே 1959 ஏப்ரலில் நிகழ்த்திய தொடக்க உரையிலேயே இதைத் தொட்டார். இந்தியர்களை வெளியிலிருந்து வந்த சிறுபான்மை என்றே சொன்னார். ஆனால் அவர்கள் ஏகாதிபத்தியவாதிகளாக வரவில்லை, ஒப்பந்தத் தொழிலாளராக வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எப்படி வந்தார்கள், யார் கொண்டுவந்தார்கள், வந்தபோது கையில் பட்டா இருந்ததா என்று பார்க்காமல், கடல் தாண்டி வந்த எல்லாரையும் ஒரே சொல்லில் அடைப்பது தவறு என்று நினைப்பவன் நான். 1820-இல் நிலம் வாங்கிக்கொண்டு வந்தவரும் 1860-இல் உடம்பை அடமானம் வைத்து வந்தவரும் ஒன்றல்ல. இருவரும் வந்து இறங்கிய மண் ஆப்பிரிக்கருடையது என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

ஸ்குவாட்டர், அதாவது அனுமதியில்லாமல் நிலத்தில் தங்கியிருப்பவர் என்ற சொல்லின் கதை இன்னும் கொடுமையானது. ஆப்பிரிகான்ஸில் இதை ‘பிளாக்கர்’ என்பார்கள். டிரான்ஸ்வாலில் 1895-இல் வந்த பிளாக்கர் சட்டம், ஒரு பண்ணையில் ஐந்து ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. யார் அந்த ஸ்குவாட்டர்கள்? பெரும்பாலும் தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து அந்த இடத்திலேயே இருந்தவர்கள். நிலத்தின் மேல் வேறொருவர் பெயரில் பட்டா எழுதப்பட்ட அன்றைக்கு, இருந்த இடத்திலிருந்து ஓரடி கூட நகராமலே அவர்கள் ஸ்குவாட்டர் ஆனார்கள். 1913 ஜூனில் வந்த பூர்வகுடிகள் நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டும் ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கியது. 1936-இல் அது சுமார் 13 சதவீதமாக உயர்ந்தது. மீதி இடத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதவர்களும், சொந்த மாடு வைத்து மேய்த்தவர்களும் ஒன்று கூலியாளாக மாற வேண்டும், இல்லையென்றால் மாட்டை ஓட்டிக்கொண்டு சாலைக்கு வர வேண்டும். அந்த நாட்களைப் பதிவு செய்த ஆப்பிரிக்க எழுத்தாளர் சோல் பிளாட்யி, தென்னாப்பிரிக்கக் கறுப்பர் தன் பிறந்த மண்ணிலேயே ‘பரையா’ ஆனார் என்று எழுதினார். நம் சாதிக் கொடுமையிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன சொல் அது. அதைத் தமிழர் யாரும் கூச்சமில்லாமல் படிக்க முடியாது.

1951-இல் சட்டவிரோத ஸ்குவாட்டிங் தடுப்புச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் நிலத்தில் இருப்பதே குற்றம். பின்னால் வந்த திருத்தங்கள், நீதிமன்றத்துக்குப் போகாமலே குடிசையை இடிக்க வழி செய்தன. அந்தச் சட்டத்தின் கண்ணில் ஸ்குவாட்டருக்கு வயதில்லை, பிள்ளைகுட்டி இல்லை, எங்கிருந்து துரத்தப்பட்டு வந்தார் என்ற கதையும் இல்லை.

அதே காலத்தில் இந்தியர்களுக்கு வேறொரு சொல் தயாரானது: ஊடுருவல். டர்பனில் வெள்ளைக்காரர் வாழும் பகுதிகளில் இந்தியர் வீடு வாங்குகிறார்கள் என்று கூச்சல் கிளம்பியது. நீதிபதி புரூம் தலைமையில் 1940-இல் ஒரு விசாரணை ஆணையம், அப்புறம் இன்னொன்று. ‘இந்திய ஊடுருவல் ஆணையம்’ என்றே பெயர். கவனியுங்கள், இவர்கள் யாருடைய வேலியையும் தாண்டவில்லை. விற்றவருக்குப் பணம் கொடுத்து, பத்திரம் எழுதி, முறைப்படி பதிவு செய்து வாங்கினார்கள். பட்டா இல்லாததுதான் ஸ்குவாட்டரின் குற்றம் என்றால், பட்டா வாங்கியது இவர்களின் குற்றமாயிற்று. 1943-இல் ‘பெக்கிங்’ சட்டம் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே சொத்து கைமாறுவதை நிறுத்தி வைத்தது. 1946-இல் அதை நிரந்தரமாக்கும் சட்டம் வந்தபோது மக்கள் அதற்கு ‘கெட்டோ சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி டர்பனில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கும் மூலையில், நகராட்சியின் காலி மனையில், நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் மற்றவர்களும் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். வெள்ளைக் கும்பல் வந்து கூடாரத்தைக் கிழித்தது, அடித்தது. இவர்கள் மறுபடி கூடாரம் அடித்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். இன்றைய நகராட்சியின் பேச்சில் அது அப்பட்டமான நிலப் படையெடுப்பு. நாம் அதை அறப்போராட்டம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம், சரியாகவே படிக்கிறோம்.

எல்லாப் பெயர்களும் ஒரே இடத்தில் வந்து குவிந்தது கேட்டோ மேனரில். டர்பனின் முதல் மேயர் கேட்டோவுக்குக் கிடைத்த நிலம் அது, அதனால்தான் அந்தப் பெயர். ஆப்பிரிக்கர்கள் அங்கே ஓடும் ஓடையை வைத்து உம்குபானே என்பார்கள். ஒப்பந்தம் முடித்த இந்தியர்கள் அங்கே நிலத்தைக் குத்தகைக்கும் விலைக்கும் வாங்கிக் காய்கறி போட்டார்கள், கோயில் கட்டினார்கள். நகரத்துக்கு வேலை தேடி வந்த ஆப்பிரிக்கர்கள் அந்த நிலத்தில் வாடகை கொடுத்துக் குடிசை போட்டார்கள். வாடகை கொடுத்தவர்களையும் ஸ்குவாட்டர் என்றே அரசு எழுதியது. வாடகை வாங்கிய நம்மவர்களில் பலரும் அப்படியே அழைத்தார்கள். 1949 ஜனவரிக் கலவரத்தில் டர்பனில் 142 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் இந்தியரும். அந்தக் காயத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் 1958-இல் கேட்டோ மேனர் வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டது. கையில் பட்டா வைத்திருந்த இந்தியர் இப்போது ‘தகுதியற்றவர்’. இது திட்டு அல்ல, அந்தச் சட்டத்தின் கலைச்சொல்லே அதுதான்: குறிப்பிட்ட பகுதியில் சொத்து வைத்திருக்கவோ குடியிருக்கவோ தகுதியற்ற நபர். ஆப்பிரிக்கர்களை லாரியில் ஏற்றிக் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் கொண்டுபோனார்கள். இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு. அந்தச் சாட்ஸ்வொர்த்தைக் கட்டக் கையகப்படுத்திய நிலத்தில் இந்திய வாழைத் தோட்டக்காரர்களின் நிலமும் அடக்கம். இடித்துத் தள்ளிய கேட்டோ மேனரோ பல ஆண்டுகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. வீட்டு அஸ்திவாரமும் மாமரங்களும் புதர் மண்டி நின்றன.

1990-களின் தொடக்கத்தில் மறுபடி குடிசைகள் முளைத்தன. இந்தியருக்கென்று கட்டி முடியும் நிலையில் இருந்த வீடுகளுக்குள் 1993-இல் பக்கத்து ஆப்பிரிக்கக் குடும்பங்கள் புகுந்தன. பத்திரிகைகள் படையெடுப்பு என்றன. வீட்டுக்குக் காத்திருந்த இந்தியக் குடும்பங்களின் ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் உள்ளே புகுந்தவர்களும் முப்பது ஆண்டுக்கு முன் அதே உம்குபானேயிலிருந்து துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகளாக இருக்கலாம் என்பதைச் செய்திகள் சொன்னதில்லை. 1994-க்குப் பிறகு நில மீட்புச் சட்டம் ‘உரிமை கோருபவர்’ என்ற புதுப் பெயரைக் கொடுத்தது. 1913 ஜூன் 19-க்குப் பிறகு பறிக்கப்பட்டதற்கு மட்டும் கோரலாம். செட்லர்கள் அதற்கு முன் எடுத்துக்கொண்டது அந்தக் கணக்கிலேயே வராது.

1998-இல்தான் ஸ்குவாட்டர் என்ற சொல் சட்டத்திலிருந்து இறங்கியது. பழைய 1951 சட்டத்தை ரத்து செய்து வந்த புதுச் சட்டத்தில் இருப்பது ‘உரிமையின்றிக் குடியிருப்பவர்’: உரிமையாளரின் வெளிப்படையான அல்லது மறைமுகமான சம்மதமோ, வேறு சட்ட உரிமையோ இல்லாமல் நிலத்தில் இருப்பவர். அவரை வெளியேற்ற நீதிமன்றம் போக வேண்டும். முதியவர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண்ணின் பொறுப்பில் இருக்கும் குடும்பங்கள் ஆகியோரின் தேவையை நீதிபதி பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டால், அவர்களுக்கு மாற்று இடம் உண்டா என்பதையும் எடைபோட வேண்டும். 2004-இல் போர்ட் எலிசபெத் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்காக எழுதிய நீதிபதி ஆல்பி சாக்ஸ், ஒருகாலத்தில் முகமற்ற ஸ்குவாட்டர்களாகக் கருதப்பட்டவர்கள் இப்போது தனித்தனி மனிதர்களாக, கண்ணியத்தோடு நடத்தப்பட உரிமை பெற்றவர்கள் என்ற பொருளில் எழுதினார். அந்த வழக்கில் இருந்தவர்கள் 68 பேர், அதில் 23 பேர் குழந்தைகள்.

இந்தப் புதுச் சொல்லின் வீச்சு பலருக்குத் தெரிவதில்லை. 2002-இல் ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், முதலில் முறையாக வந்து பிறகு உரிமை இழந்தவரும் இதில் அடக்கம் என்றது. வாடகை கட்டாமல் தங்கிவிட்ட குடித்தனக்காரர், வங்கிக் கடன் கட்ட முடியாமல் வீடு ஏலம் போன பிறகும் உள்ளே இருப்பவர், எல்லாரும் சட்டத்தின் முன் ஒன்றுதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாட்ஸ்வொர்த்தின் பேவியூ அடுக்குமாடிகளில் வாடகைப் பாக்கிக்காக நகராட்சி வெளியேற்ற வந்தபோது, மாடிப்படியில் மறித்து நின்றவர்களில் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். ‘ஸ்குவாட்டர் எல்லாம் அவங்கதான்’ என்று குடிசைப் பக்கம் கை காட்டும் சாட்ஸ்வொர்த் வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்.

வீட்டுக்காரரின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆயுசு முழுக்க உழைத்துக் கட்டிய வீட்டின் விலை சரிகிறது, திருட்டு மின்கம்பி தெருவில் கிடக்கிறது, குடிசையில் தீப்பிடித்தால் அடுத்த வேலி தன்னுடையது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது மாற்று இடம் தராத நகராட்சி. இந்தியர் அதிகம் வாழும் கிளேர் எஸ்டேட்டில், பெரிய குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கென்னடி சாலைக் குடிசைக்காரர்கள் 2005 மார்ச்சில் சாலையை மறித்தது அதற்காகத்தான். தங்களுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த நிலத்தில் செங்கல் சூளைக்காக மண்ணைத் தோண்டுவதைக் கண்டார்கள். அந்த ஆண்டே பிறந்த இயக்கம் தனக்கு வைத்த பெயர் ‘அபஹ்லாலி பாசெம்ஜொண்டோலோ’. குடிசைகளில் வசிப்போர் என்று பொருள். வசிப்போர் என்ற சொல்லை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். குடிசைக்காரர்களை வெளியேற்ற வழக்குப் போடும்படி நில உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்திய குவாசுலு-நேட்டால் மாகாணச் சட்டப் பிரிவை 2009-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தோற்கடித்ததும் இவர்கள்தான். பைன்டவுன் பக்கம் மோட்டாலா ஹைட்ஸில் தகர வீடுகளில் இருந்த ஏழை இந்தியக் குடும்பங்களும் இதே இயக்கத்தில் சேர்ந்தன.

அப்படியானால் தமிழில் எழுதும்போது என்ன செய்வது? நம் செய்திகளில் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற ஒரே சொல் குடிசை போட்டவருக்கும் ஏரியை வளைத்த நிறுவனத்துக்கும் சேர்த்து ஓடுகிறது. ‘வந்தேறி’யை நான் எந்த இடத்திலும் எழுதுவதில்லை. அந்தச் சொல் இலங்கை மலையகத்திலும் பர்மாவிலும் இங்கேயும் நம்மீதே எறியப்பட்டதன் இன்னொரு வடிவம். 1820-இல் வந்தவர்களை வெள்ளைக் குடியேற்றக்காரர் என்றும், 1860-இல் வந்தவர்களை ஒப்பந்தத் தொழிலாளராக வந்து குடியேறியவர்கள் என்றும் எழுதுகிறேன். கேட்டோ மேனரில் வாடகை கொடுத்தவர் குடித்தனக்காரர். நகராட்சி ‘படையெடுப்பு’ என்று அறிக்கை விட்டால், அது நகராட்சியின் சொல் என்று குறிப்பிட்டே எழுதுகிறேன். காலி மனையில் குடிசை போட்டவர், வழக்கு முடியும்வரை குடிசை போட்டவர்தான். தீர்ப்பு அவருக்கு எதிராக வந்த பிறகும் சட்டம் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘உரிமையின்றிக் குடியிருப்பவர்’. தலைப்புக்கு நீளம் என்று சொன்னாலும் அதையே போடச் சொல்கிறேன்.